தோவாகோ மன்னிப்புக் கேட்பதில்லை

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று பதினெட்டாம் பெருக்கு. அம்மா மண்டபப் படித்துறைக்கு வந்துபோன கூட்டத்தின் குப்பையை இன்று மதியம்வரை அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஹம்ஸா வரவில்லை. 'தலைவலி' என்று ஒரு வரி மட்டும் அனுப்பினாள். என் தங்கை ஆற்றுக்கு வராத பெருக்கு எனக்கு நினைவில் இல்லை. புளியோதரையை நானும் என் கணவர் ரகுவும் தனியாக உட்கார்ந்து தின்றுவிட்டு வந்தோம்.

புது வேலை வந்திருக்கிறது. சென்னையிலிருந்து ஆசீர் சார் அனுப்பியிருக்கிறார். தமிழில் டப்பிங் செய்ய ஒரு ஜப்பான் அனிமே. வசனம் நான் எழுதவேண்டும். இதுவரை எனக்கு வந்ததெல்லாம் பள்ளிக்கூடம், பேசும் பூனை, சமையல் போட்டி. இது வேறு. கதாநாயகியின் பெயர் தோவாகோ. உப்பளத்து ஊர்க்காரி. ஊரை எரித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கொல்கிறாள். கதையே அவ்வளவுதான். அழுவதில்லை. தயங்குவதில்லை. எதிரில் நிற்பவன் மனம் மாறுவானா என்று பார்ப்பதில்லை. வேலை முடிந்ததும் எங்காவது உட்கார்ந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரிக்கிறாள், தோல் அறுந்துபோகாமல், ஒரே சுருளாக.

"இதுக்கு என்னை ஏன் பிடிச்சீங்க?" என்று கேட்டேன். "நீங்க கோவத்தை நல்லா எழுதுவீங்க மேடம்" என்றார். எனக்கே தெரியாத செய்தி.

எழுதிய வசனத்தைப் படத்தின் சத்தத்தை அணைத்துவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவேண்டும். பாத்திரத்தின் வாய் மூடும்போது என் வாக்கியமும் முடியவேண்டும். இன்று அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கீழ் வீட்டு ராசாத்தி மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தாள். "யாரைக்கா கொல்லப் போறீங்க? ஆள் காட்டுங்க, நானும் வரேன்."

ரகுவுக்குச் சிரிப்பு வரவில்லை. "கொஞ்சம் மெதுவா சொல்லேன். பெருமாள் இருக்கற ஆம்" என்றார். பெருமாள் இருக்கிற இந்த வீட்டில் கத்திரிக்காயைக்கூட 'வெட்டு' என்று சொல்லமாட்டோம், 'திருத்து' என்போம். நான் மறந்துபோய் வெட்டு என்றால், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே ரகு திருத்துவார். அப்படிப்பட்ட வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து நான் காலை பத்து மணிக்குக் கழுத்தை அறுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஹம்ஸாவின் போனை அவள் கணவன் சௌந்தர்தான் எடுக்கிறான். "தூங்கறா அக்கா." காலையிலும் தூக்கம், சாயங்காலமும் தூக்கம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஹம்ஸாவைப் பார்க்கத் தில்லைநகருக்குச் சொல்லாமல் போனேன்.

சௌந்தர்தான் கதவைத் திறந்தான். "வாங்கோ அக்கா! சொல்லியிருந்தா நானே வண்டில வந்து அழைச்சிண்டு வந்திருப்பேனே." வெள்ளை வேட்டி, நெற்றியில் ஸ்ரீசூர்ணம், சிரிப்பு. அவனே காபி கலந்தான். "ஹம்ஸாவுக்கு ரெஸ்ட் வேணும்னு இன்னிக்கு நான்தான் தளிகை." சமையல்கூடச் செய்கிறான், எவ்வளவு நல்ல கணவன்!

ஹம்ஸா இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் இருந்த சர்க்கரை டப்பாவை எடுக்க உடம்பு முழுவதையும் திருப்பி வலது கையால் எடுத்தாள்.

"கைக்கு என்ன?"

"பாத்ரூம்ல வழுக்கிடுத்து" என்றாள் அவள்.

"கதவுல இடிச்சிண்டா" என்றான் அவன்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.  பிறகு அவன் சிரித்துக்கொண்டே, "வழுக்கிப் போய்க் கதவுல இடிச்சிண்டா" என்றான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை அவள் என் வீட்டுக்கு ஓடிவந்தாள். அப்போது பெரியப்பா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். அப்பா இல்லாத குடும்பத்தில் ஸ்ரீனிவாசராகவன் பெரியப்பாதான் அப்பா. அவர் வாக்குதான் கடைசி வாக்கு. "ஆம்படையான் கோவத்துல கை ஓங்கறது லோகத்துல இல்லாததா? குடி கிடையாது, சிகரெட் கிடையாது, திவ்யப்பிரபந்தம் தலைகீழாச் சொல்றான். இப்படி ஒரு பையன் எங்க கிடைப்பன்?" நான் கத்தினேன். என்னைப் போய் இலை போடச் சொன்னார்கள். சாப்பிட்டுவிட்டு அவளை அவனோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள்.

 

ஆகஸ்ட் 9, சனி

இரண்டு எபிசோடு முடித்தேன். கை தானாக ஓடுகிறது.

நம்மூர் ஹீரோ முதலில் அடி வாங்கவேண்டும். அவன் தங்கையை எவனாவது இழுக்கவேண்டும், அம்மா படியில் உருளவேண்டும். அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தால்தான் அவன் நல்லவன். பிறகுதான் கை ஓங்க உத்தரவு கிடைக்கும். அதாவது ஒரு பெண் அடிபட்டு அவனுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுக்கவேண்டும். தோவாகோவுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பார்க்கிறாள், புரிந்துகொள்கிறாள், முடிக்கிறாள்.

இது சரியில்லை என்று எனக்குத் தெரியாதா? நான்காவது எபிசோடில் ஒரு வாயிற்காவலனைக் கொல்கிறாள். அவன் ஊரை எரித்தவன் இல்லை. கதவருகே நின்றவன், அவ்வளவுதான். படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வந்து, மறுபடி ஓடவிட்டேன். அதுதான் என்னை உறுத்துகிறது.

ஆசீர் சார் ஒரு சேதி சொன்னார். கடைசி எபிசோடில் தோவாகோ கடைசி ஆளையும் கொன்றுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். மூலத்தில் அந்த இடத்தில் வசனமே இல்லை. "மேலே இருக்கறவங்க ஃபீல் பண்றாங்க மேடம். ஹீரோயின் கொஞ்சமாவது வருத்தப்படணுமாம். 'என்னை மன்னிச்சிடு'ன்னு ஒரு வரி போட்டுடுங்க. முதுகு காட்டற ஷாட்தானே, லிப் தெரியாது. என்ன வேணும்னாலும் பேச வைக்கலாம்."

வாய் தெரியாவிட்டால் என்ன வேண்டுமானாலும் பேச வைக்கலாம். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வசதி. நானும் எத்தனையோ முதுகுகளுக்கு வசனம் எழுதியிருக்கிறேன். இன்று ஏனோ எரிச்சலாக வந்தது. யோசிக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 13, புதன்

ஐயோ.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். வசனத்தின் தொனி புரியவேண்டும் என்பதற்காக முக்கியமான இடங்களை நானே பேசிப் பதிவு செய்து ஆசீர் சாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது வழக்கம். குரல் கொடுக்கும் பெண்ணுக்கு அவர் போட்டுக் காட்டுவார். பெரியப்பா தினமும் காலையில் எங்கள் குடும்ப குரூப்பில் பஞ்சாங்கம் போடுவார். இன்று ராகுகாலம் பார்த்துவிட்டு, ஆசீர் சாரின் பக்கத்துக்கு வந்துவிட்டேன் என்ற நினைப்பில் அங்கேயே மைக்கை அழுத்திவிட்டேன்.

ஐந்தாவது எபிசோடு. சத்திரத்துக்காரன் ஒருவன் சமையல்காரப் பெண்ணை அடிக்கிறவன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தோவாகோ எதிரே வந்து உட்கார்கிறாள். தொடரில் அவள் எச்சரித்து விடுகிற ஒரே ஆள் இவன்.

"சாப்பிடு. அவசரமில்ல. அவளை நீ அடிச்சப்போ நான் அங்க இல்ல. இனிமே இருப்பேன். இன்னொரு தடவை உன் கை அவ மேல பட்டா, கொன்னுடுவேன். கோவத்துல சொல்லல."

நல்ல டேக். எனக்கே திருப்தியாக இருந்தது. குக்கரை இறக்கிவிட்டு வந்து பார்த்தால், பஞ்சாங்கத்துக்குக் கீழே என் குரல். அழித்தேன். அழித்து என்ன? பாதிப் பேர் கேட்டாயிற்று. சௌந்தரும் அந்த குரூப்பில் இருக்கிறான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

போன் ஓயவில்லை. மாமா, சித்தி, பெங்களூர் அத்தை. எல்லோருக்கும் ஒரே பேச்சு: "சௌந்தர் பாவம், இடிஞ்சு போயிட்டான். அவனைப் போய் இப்படிச் சொல்லலாமா?"

ரகு, "டப்பிங் வசனம், தவறுதலா வந்துடுத்துன்னு ஒரு வரி போடு மைத்தி. முடிஞ்சுபோச்சு" என்றார். நிஜமும் அதுதானே? டைப் செய்தேன். அனுப்பப் போகும்போது சௌந்தரே கூப்பிட்டான்.

"அக்கா... அது எனக்கா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டேன். டைப் செய்ததை அழித்துவிட்டேன்.

அப்போதுதான் உறைத்தது. நான் பெயர் சொல்லவில்லை. அந்தக் குரலில் யார் பெயரும் இல்லை. குரூப்பில் எத்தனை மாப்பிள்ளைகள், எத்தனை பேரன்கள்! ஒருத்தியை அடிக்கிறவன் என்று கேட்டதும் அத்தனை பேருக்கும் சௌந்தர் முகம்தான் வந்திருக்கிறது. ஒருவருக்கும் சந்தேகமே இல்லை. விலாசம் இல்லாத தபாலைச் சரியான வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சிண்டேதான் இருந்திருக்கா. தீபாவளிக்கு அவனுக்கு வேஷ்டி எடுத்துக் குடுக்கறச்சேயும் தெரியும், அவ கையைப் பாத்துட்டு 'இளைச்சுட்டியேடி'ன்னு கேக்கறச்சேயும் தெரியும். சீ!

ஆகஸ்ட் 16, சனி

நாளைக்குப் பெரியப்பா வீட்டில் எல்லோரும் கூடுகிறார்கள். நான் சௌந்தரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவேண்டுமாம்.

"கோவிலுக்குப் போய்ட்டு வா, மனசு சாந்தமாகும்" என்றார் ரகு. போனேன். தாயாரைச் சேவித்துவிட்டு வெளியே வந்தால் எதிரே மேட்டழகிய சிங்கர். தலை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாசற்படியில் வைத்து வயிற்றைக் கிழித்துக் குடலை மாலையாகப் போட்டுக்கொண்ட பெருமாள். ஒரு பிள்ளையை அதன் அப்பா அடித்தான் என்பதற்காக. அங்கே நின்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் கத்திரிக்காயை வெட்டு என்று சொல்லக்கூடாது.

சாந்தமாகவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சித்திரை வீதியில் பெரியப்பா வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். சௌந்தர் தலை குனிந்து, அப்பாவியாக. ஹம்ஸா சமையலறை நிலைப்படியில், செண்பகவல்லி பெரியம்மாவுக்குப் பின்னால்.

பெரியப்பா ரொம்பத் தன்மையாகத்தான் ஆரம்பித்தார். "உக்காரும்மா மைத்ரேயி. ஒண்ணும் பெரிய விஷயமில்லை. அது ஏதோ பொம்மைப் படத்து வசனம்னு ரகு சொல்லிட்டான். அதையே நீ உன் வாயால சொல்லிடு. மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை. எல்லாருமா சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம்."

"பெரியப்பா, அதுல யார் பேராவது இருந்துதா?"

"இல்லை."

"அப்போ சௌந்தருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். 

"குரூப்ல இத்தனை ஆம்பளை இருக்கேள். அவளை அடிச்சா கொன்னுடுவேன்னு ஒரு குரல் வந்தா, ஏன் அத்தனை பேரும் இவனுக்கு மட்டும் ஆறுதல் சொல்றேள்? மாமா, உங்களைச் சொல்றேன்னு நீங்க ஏன் நினைச்சுக்கலை?"

மாமா தன் வேட்டிக்கரையைப் பார்த்தார்.

சௌந்தர் மெல்லிய குரலில், "கொலை பண்றேன்னு சொன்னது அவா. நான் இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசலை" என்றான். பாவம், பாவம் என்று கூடத்தில் முணுமுணுப்பு.

எனக்கு வழி திறந்துதான் இருந்தது. உண்மையையே சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சொன்னேன். "எழுதினது படத்துக்கு. குரூப்புக்கு வந்தது தப்பா வந்தது. அது சத்தியம். ஆனா சௌந்தர், நீ போன் பண்ணி எனக்கான்னு கேட்டே இல்லையா? ஆமா. உனக்குத்தான்."

"மைத்தி!" என்றார் ரகு.

"மன்னிப்புக் கேக்கமாட்டேன் பெரியப்பா. எனக்குப் பசிக்கவும் இல்லை."

இங்கே ஹம்ஸா என்னோடு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். படத்தில் அப்படித்தான் வரும். அவள் வாசலில் என் கையைப் பிடித்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "உனக்கென்னக்கா, பேசிட்டுப் போயிடுவே. அந்த ஆத்துக்குள்ள அவரோட இருக்கப்போறது நீயா, நானா?"

அவன் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்து போய்விட்டாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அவள் கேட்டது சரி. பேசி முடித்ததும் தோவாகோவுக்குக் காட்சி மாறிவிடுகிறது. மறுநாள் காலையில் அந்தச் சமையல்காரப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று எந்த எபிசோடிலும் காட்டவில்லை. என்ன செய்துவிட்டேன்?

போன் செய்தேன். எடுத்தாள். "ம்" என்றாள். "ம்" என்றாள். வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

அந்தக் குரலையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். (பிறகு ஆசீர் சாருக்குச் சரியாக அனுப்பினது என் போனில் இருக்கிறது.) 'கொன்னுடுவேன்' என்கிற இடத்தில் பயமில்லை. அது யாரும் சொல்வதுதான். அதற்கு முந்தின வரிதான் பயம். 'இனிமே இருப்பேன்.'

இருக்கப்போறது நீயா நானா என்றுதானே கேட்டாள்.

நான்தான்.

லாப்டாப், சார்ஜர், ஹெட்போன், நாலு புடவை. ரகு நடையில் நின்றார். "எத்தனை நாளைக்கு?"

"தெரியாது."

"அவன் வெளில போகச் சொன்னா?"

"சொல்லட்டுமே. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, பிரபந்தம் தலைகீழ்ப் பாடம். அவ்வளவு நல்ல பையன் ஆத்துக்கு வந்தவாளைப் போகச் சொல்வானோ?"

 ரகு உள்ளே போய் என் தைராய்டு மாத்திரையை எடுத்துவந்து பையில் போட்டார். இவர்மேலும் எனக்குக் கோபம்தான். ஆனாலும் போட்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன். தில்லைநகர்.

"எங்க தெருவுல பாதாளச் சாக்கடைக்குத் தோண்டறா. டிரில் சத்தத்துல வேலை ஓடலை. இங்க கூடத்துல உக்காந்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே நேற்று சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

"அதுக்கென்ன அக்கா, உங்க வீடு" என்றான் சௌந்தர். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. "எத்தனை நாள்?"

"சீரிஸ் முடியறவரைக்கும்."

எத்தனை எபிசோடு என்று அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இன்று காலையில் அவன் தோசை சாப்பிட உட்கார்ந்தான். நான் எதிரே லாப்டாப்பைத் திறந்தேன். அந்த ஐந்தாவது எபிசோடில் ஆசீர் சார் ஒரு சின்னத் திருத்தம் கேட்டிருந்தார், வேலைதானே. சத்தத்தை அணைத்து, படத்தை ஓடவிட்டு, வாய்விட்டுச் சொன்னேன். "சாப்பிடு. அவசரமில்ல."

அவன் தோசைத் துண்டு வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"லிப் செட் ஆகலை" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை சொன்னேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆசீர் சார் மறுபடி. "மேடம், அந்த மன்னிச்சிடு வரியை மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. மேலே விடமாட்டேங்கறாங்க."

"ஊரையே எரிச்சவன்கிட்ட அவ எதுக்கு மன்னிப்புக் கேக்கணும் சார்?"

"அவன்கிட்ட இல்ல மேடம், பொதுவா."

பொதுவாக! பெண்கள் பொதுவாக மன்னிப்புக் கேட்டுவைக்கவேண்டும். யாரிடம், எதற்கு என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இவர் நல்ல மனிதர், பிள்ளைகுட்டிக்காரர், அவரிடம் கத்தி என்ன பயன்? கத்தினேன்.

ஆகஸ்ட் 30, சனி

வந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒரு குரல் உயரவில்லை. சௌந்தர் ஆபீஸிலிருந்து தாமதமாக வருகிறான். தட்டை அவனே கழுவுகிறான். அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிகிறது. ஆக, அவனால் அடக்கிக்கொள்ள முடியும். அடக்கமுடியாத கோபம் என்று இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் பொய். ஆள் இல்லாத இடமாகப் பார்த்து வருகிற கோபம்.

மத்தியானம் ஹம்ஸா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் நாள்முதல் என்னோடு சரியாகப் பேசாதவள். சமையல்காரப் பெண்ணின் வரியைச் சும்மா படித்துப் பார் என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். குரல் நன்றாகவே இருக்கும். "எனக்கு ஒண்ணும் ஆகல. வழுக்கிடுச்சு" என்று படித்தாள்.

படித்துவிட்டு நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள்.

"இதை நீ எழுதினியா, அவாளே எழுதிட்டாளா?"

"அவாதான். ஜப்பான்லயும் பாத்ரூம் வழுக்கும்போல."

சிரித்தாள். அன்றைக்கு அவனோடு சேர்ந்து சிரித்தாளே, அந்தச் சிரிப்பு இல்லை. மூக்கால் வந்த பழைய சிரிப்பு. அப்புறம் ரொம்ப நேரம் அழுதாள். நான் படத்தை நிறுத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று.

இரவுச் சாப்பாட்டுக்குச் சாத்துமுது. ரசத்தில் உப்பு ஒரு கல் கூட. சௌந்தர் தட்டைத் தள்ளினான். கத்தவில்லை. ஹம்ஸாவைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நான் அங்கே இல்லாததுபோல் கேட்டான்: "உங்க அக்காவை எப்போ கிளம்பச் சொல்லப் போறே?"

ஹம்ஸா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா கிளம்பறச்சே நானும் கிளம்பிடுவேன்."

"என்னது?"

"இப்போ கிளம்பணுமா?"

அவன் எழுந்தான். கை மேலே போனது. நான் பார்த்தேன், நிஜமாகவே போனது. நானும் எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றேன். தோவாகோவின் வசனம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.  என் மனதில் அந்த ஒரு நொடி இருந்ததை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்: சாத்துமுதுப் பாத்திரம் கொதிக்கக் கொதிக்கப் பக்கத்தில் இருந்தது. எவ்வளவு தூரம், எந்தக் கை என்று கணக்குப் போட்டேன். கோபத்தில் இல்லை.

அவன் என் முகத்தைப் பார்த்தான். கையை இறக்கித் தன் தலைமுடியைக் கோதிக்கொண்டான்.

ஹம்ஸாவுக்குப் பை கட்ட அதிக நேரம் ஆகவில்லை. ஏற்கெனவே கட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. ரகுவுக்குப் போன் செய்தேன். பத்து வருஷமாக இந்த ஆள் இவ்வளவு வேகமாக வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

மகளிர் ஸ்டேஷனில் புகார் கொடுத்தாயிற்று. இடது கை எக்ஸ்ரேயில் பழைய விரிசல் ஒன்றும் தெரிந்தது. பழையது. டாக்டர், "இது எப்போ?" என்று கேட்டதற்கு ஹம்ஸா, "எது?" என்றாள்.

கொன்னிருக்கணும். அந்தப் பாத்திரத்தை எடுத்திருக்கணும்.

செப்டம்பர் 12, வெள்ளி

குடும்ப குரூப்பிலிருந்து என்னையும் ஹம்ஸாவையும் நீக்கிவிட்டார்கள். ராகுகாலத்துக்கு இனி தினசரிக் காலண்டர்தான். ரகு தானாகவே வெளியே வந்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை, ராசாத்தி வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

கடைசி எபிசோடை அனுப்பிவிட்டேன். முதுகு காட்டும் ஷாட்டில் 'பேச்சு இல்லை' என்று எழுதினேன்.

"அவங்க வேற ஆள வச்சுப் போட்டுக்குவாங்க மேடம்" என்றார் ஆசீர் சார்.

"போட்டுக்கட்டும். என் பேரை எடுத்துடுங்க."

"வேண்டாம் மேடம். நான் பேசிப் பார்க்கறேன்." கொஞ்சம் தயங்கி, "என் தங்கச்சிக்கும்..." என்று ஆரம்பித்தார். பிறகு லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 4, சனி

புரட்டாசி சனிக்கிழமை. வீதியில் கால் வைக்க இடமில்லை. ஹம்ஸா கூட்டத்தோடு போய்ச் சேவித்துவிட்டு வந்தாள். வழியில் பெரியப்பா எதிரே வந்தாராம். "என்ன சொன்னார்?" என்றேன். "வெய்யில் ஜாஸ்தின்னார்" என்றாள்.

ராசாத்தி படியில் நின்று கேட்டாள். "என்னக்கா, கொஞ்ச நாளா மாடில கொலையே காணோம்?"

அக்டோபர் 11, சனி

தோவாகோ தமிழில் வந்துவிட்டாள். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து கடைசி எபிசோடு பார்த்தோம். ரகு முதல்முறையாகப் பார்க்கிறார். வாளை உருவும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பெருமாள் இருக்கிற ஆம் என்று சொல்லவில்லை.

கடைசி ஆள் விழுந்தான். தோவாகோ எழுந்து, திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் உப்பளம், வெள்ளை வெளேரென்று. அந்த இடத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆசீர் சார் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 

ரிமோட் டிவிக்கு மேல் ஷெல்ஃபில் இருந்தது. ஹம்ஸா எழுந்தாள். இடது கையை உயர்த்தி, எட்டி அதை எடுத்து, சத்தத்தை அணைத்தாள்.

அந்த முதுகு அங்கேயே நின்றுகொண்டிருந்தது, உப்புக்கு நடுவில். வெகுநேரம். பிறகு தோவாகோ உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தை எடுத்தாள்.

"இப்போ வைக்கலாமா?" என்றாள் ஹம்ஸா.

"ம்" என்றேன்.

சத்தம் வந்தது. தோல் உரிகிற சத்தம்.